டெபியன் ஸ்டேபிளில் ஃபயர்பாக்ஸைப் புதுப்பிப்பது: முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீடுகளிலும் கோயில் மண்டபத்து வகுப்பறைகளிலும் ஓடும் லினக்ஸ் கணினிகள் பெரும்பாலும் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்டவை. விண்டோஸ் தாங்காது என்று டெபியன் போட்டிருப்பார்கள். நன்றாகத்தான் ஓடும். ஒருநாள் ஒரு வங்கித் தளமோ விண்ணப்பத் தளமோ “உங்கள் பிரவுசர் பழையது” என்று கதவைச் சாத்தும். அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது.

புதியவர்கள் தடுமாறுவது கட்டளைகளில் அல்ல, வரிசையில். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுகிறார்கள். அதனால் இங்கே ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்தில் வருகிறது என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். கட்டளைகளை வாயால் சொல்லிக்கொடுப்பது போலத் தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது டெர்மினல் என்ற கட்டளைச் சன்னலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

1. உங்கள் பிரவுசர் உண்மையிலேயே பழசா என்று பாருங்கள்

டெபியன் ஸ்டேபிளுடன், அதாவது டெபியனின் நிலையான பதிப்புடன், வருவது வழக்கமான ஃபயர்பாக்ஸ் அல்ல, ஃபயர்பாக்ஸ் ஈஎஸ்ஆர். வழக்கமான ஃபயர்பாக்ஸ் நான்கு வாரத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பாக வரும். ஈஎஸ்ஆர் சுமார் ஓராண்டுக்கு ஒரே அடிப்படையில் நிற்கும். புதிய வசதிகள் அதில் சேராது, ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் வழக்கமான பதிப்புக்கு வரும் அதே நாளில் அதற்கும் வரும்.

மெனுவில் ஹெல்ப், அதில் அபௌட் ஃபயர்பாக்ஸ் திறந்து எண்ணைப் பாருங்கள். 140.5 என்று இருந்தால், முதல் எண்ணையும் இரண்டாம் எண்ணையும் கூட்டுங்கள்: 145. வழக்கமான 145 வந்த அதே சமயத்தில் வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் உங்களிடம் இருக்கின்றன என்று அர்த்தம். இந்தக் கணக்கு 115, 128, 140 ஆகிய மூன்று ஈஎஸ்ஆர் வரிசைகளுக்கும் பொருந்தும். ஆகவே “140தானே, எவ்வளவு பின்தங்கிவிட்டோம்” என்று முதல் எண்ணை மட்டும் பார்த்துப் பதறாதீர்கள். பார்க்க வேண்டியது புள்ளிக்குப் பின்னால் இருப்பதை.

சிக்கல் என்னவென்றால், பிரவுசர் தன்னை ஒரு தளத்திடம் அறிமுகப்படுத்தும்போது முதல் எண்ணை மட்டுமே சொல்லும். ஈஎஸ்ஆர் என்பதையோ புள்ளிக்குப் பின்னால் உள்ளதையோ சொல்லாது. கடைசி சில பதிப்புகளைத்தான் ஏற்பேன் என்று எழுதப்பட்ட தளம், திருத்தங்கள் முழுதும் உள்ள ஈஎஸ்ஆரையும் பழசு என்றுதான் எடுத்துக்கொள்ளும். இந்த வேறுபாடு மனத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. உங்களிடம் திருத்தங்கள் இல்லையா, அல்லது தளம் எண்ணைப் பார்த்து மறுக்கிறதா? முதலாவதென்றால் படி 6 வரை போதும். இரண்டாவதென்றாலும் படி 6 வரை செய்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

அபௌட் சன்னலில் “புதுப்பி” என்ற பொத்தானைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். டெபியன் தன் ஃபயர்பாக்ஸில் அந்தப் பகுதியை நீக்கியே தருகிறது. பிரவுசர் கோப்புகள் நிர்வாகிக்குச் சொந்தம், அவற்றை மாற்றும் பொறுப்பு, நிரல்களை நிறுவிப் புதுப்பிக்கும் டெபியனின் கருவியான ஆப்ட்டுக்கு மட்டும். ஒரே கோப்பை இரண்டு பேர் மாற்றினால் யார் என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

2. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

நேரம். மதியத்துக்கு மேல் இடி மின்னல் வந்தால் நம் பக்கம் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பேக்கேஜ் (நிரல் தொகுப்பு) நிறுவும் நடுவில் கணினி அணைந்தால் பாதி கோப்பு புதுசு, பாதி பழசு என்று நிற்கும். காலையில் செய்யுங்கள். வருமான வரி ஈ-ஃபைலிங், பல்கலைக்கழக விண்ணப்பம் மாதிரி கடைசித் தேதி இருக்கும் நாளில் தொடவே வேண்டாம்.

டேட்டா. பிரவுசருக்கு மட்டும் ஒரு நூறு எம்பி ஒதுக்குங்கள். பல மாதம் தொடாத கணினியென்றால் மற்ற பேக்கேஜ்களும் சேர்ந்து அதைவிடப் பல மடங்கு ஆகலாம். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைப்பு அறுந்தால் பயம் வேண்டாம், ஆப்ட் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

நிர்வாகி கடவுச்சொல். டெபியன் நிறுவும்போது ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குக் கடவுச்சொல் கொடுத்திருந்தால், நிர்வாகியாகக் கட்டளை ஓட்டவிடும் சூடோவின் குழுவில் உங்கள் பெயர் இருக்காது. “சூடோ” தட்டினால் மறுப்புதான் வரும். அப்போது “சூ”, ஓர் இடைவெளி, ஓர் இடைக்கோடு என்று தட்டி ரூட்டாக நுழையுங்கள். அந்த இடைக்கோட்டை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அது இல்லாமல் நுழைந்தால் நிர்வாகக் கட்டளைகள் இருக்கும் அடைவுகள் தேடும் பாதையில் சேராது. அப்புறம் “எல்டிகான்ஃபிக் கிடைக்கவில்லை” என்று, ஆப்ட்டுக்கு அடியில் நிறுவும் வேலையைச் செய்யும் டிபிகேஜி புகார் செய்யும். இனி நான் “சூடோ” என்று எழுதும் இடங்களில், ரூட்டாக இருப்பவர்கள் அதை விட்டுவிட்டுத் தட்டலாம்.

கணினியின் வகை. “டிபிகேஜி”, இரட்டை இடைக்கோட்டுடன் “பிரின்ட்-ஆர்க்கிடெக்ச்சர்” என்று தட்டுங்கள். “ஏஎம்டி64” என்றால் நல்லது. “ஐ386” என்றால் உங்களுடையது 32 பிட் டெபியன். வழக்கமான ஃபயர்பாக்ஸ் 144ஆம் பதிப்போடு 32 பிட் லினக்ஸை விட்டுவிட்டது. ஆகவே படி 8க்கு உங்களால் போக முடியாது. ஆனால் பழைய அலுவலகக் கணினிகளில் சில்லு 64 பிட்டாக இருந்தும் யாரோ 32 பிட் டெபியன் போட்டிருப்பது நிறைய. “எல்எஸ்சிபியூ” தட்டினால் சில்லு எதைத் தாங்கும் என்று முதல் சில வரிகளிலேயே தெரியும். தாங்குமென்றால் கோப்புகளை நகலெடுத்துவிட்டு 64 பிட் டெபியனைப் புதிதாகப் போடுவதே சரி.

டெபியனின் பதிப்பு. 12 அல்லது 13 என்றால் தொடருங்கள். 10 என்றால் அதற்கான நீண்டகால ஆதரவு 2024 ஜூனோடு முடிந்துவிட்டது, புதிய பிரவுசர் இனி வராது. 11க்கு 2026 ஆகஸ்ட் வரைதான். இந்த இரண்டிலும் இருப்பவர்கள் பிரவுசரை விட்டு முதலில் டெபியனையே உயர்த்த வேண்டும். அதுவும் ஒவ்வொரு பதிப்பாகத்தான். 10இலிருந்து 12க்குத் தாவக்கூடாது.

3. கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்

பழைய மேசைக் கணினியில் தாய்ப்பலகையின் பொத்தான் பேட்டரி செத்திருக்கும். அணைத்துப் போட்டால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். ஆப்ட் பேக்கேஜ்களை இறக்கும் இடமான டெபியன் களஞ்சியத்தின் பட்டியல்களில் எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று எழுதியிருக்கும். கடிகாரம் பின்னால் இருந்தால் “இந்தப் பட்டியல் இன்னும் செல்லுபடியாகவில்லை” என்றும், மிக முன்னால் இருந்தால் “காலாவதி” என்றும் ஆப்ட் மறுக்கும். பிரவுசரும் பாதுகாப்பான தளங்களைத் திறக்காது. இதைப் பார்த்துத்தான் பலர் “பிரவுசர் கெட்டுப்போச்சு” என்று நினைக்கிறார்கள்.

“டைம்டேட்சிடிஎல்” தட்டி நேரத்தையும் நேர வலயத்தையும் பாருங்கள். வலயம் கோலாலம்பூர் என்று இருக்க வேண்டும். ஒரே கணினியில் விண்டோஸும் இருந்தால், மாறி மாறி ஏற்றும்போது நேரம் மிகச்சரியாக எட்டு மணி நேரம் தவறும். விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது. லினக்ஸ் அதை உலகப் பொது நேரமாகப் படிக்கிறது. நமக்கும் அதற்கும் எட்டு மணி நேர வித்தியாசம். இணையம் வந்ததும் லினக்ஸ் தானே சரிசெய்துகொள்ளும், ஒரு நிமிடம் பொறுங்கள்.

பேட்டரி சில ரிங்கிட்தான். மாற்றிவிடுங்கள்.

4. களஞ்சியப் பட்டியலைத் திறந்து படியுங்கள்

என் அனுபவத்தில், “எல்லாம் புதுசாக இருக்கிறது என்று ஆப்ட் சொல்கிறது, ஆனால் பிரவுசர் பழசு” என்று வருகிறவர்களின் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. ஆப்ட், தனக்குக் காட்டப்பட்ட கடைகளில் மட்டுமே விலை விசாரிக்கும். பாதுகாப்புக் களஞ்சியம் பட்டியலில் இல்லையென்றால், அதில் என்ன வந்திருக்கிறது என்று அதற்குத் தெரியவே தெரியாது.

பட்டியல் இருக்கும் இடம் “இடிசி” அடைவுக்குள் “ஆப்ட்”, அதற்குள் “சோர்சஸ் டாட் லிஸ்ட்” என்ற கோப்பு. சில கணினிகளில் பக்கத்தில் உள்ள “சோர்சஸ் டாட் லிஸ்ட் டாட் டி” என்ற அடைவுக்குள் தனிக் கோப்புகளாக இருக்கும். இரண்டையும் திறந்து மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, சீடி வரி. இணையம் இல்லாமல் டிவிடியிலிருந்தோ பென்டிரைவிலிருந்தோ நிறுவியிருந்தால், “சீடிராம்” என்று தொடங்கும் வரி மட்டும் உயிரோடு இருக்கும். இணையக் களஞ்சிய வரிகள், நிறுவும்போது எட்டமுடியாததால், முன்னால் ஒரு ஹாஷ் குறியோடு முடக்கப்பட்டிருக்கும். சீடி வரிக்கு முன்னால் ஹாஷ் போடுங்கள், மற்றவற்றில் ஹாஷை எடுங்கள். ஆப்ட் “இந்த வட்டைப் போடு” என்று கேட்பதும் இதோடு நிற்கும்.

இரண்டாவது, பாதுகாப்பு வரி. 13க்கு “டிரிக்சி-செக்யூரிட்டி”, 12க்கு “புக்வார்ம்-செக்யூரிட்டி” என்ற சொல் இருக்க வேண்டும். ஃபயர்பாக்ஸ் ஈஎஸ்ஆரின் புதுப்பிப்புகள் முதலில் வருவது இந்த வழியாகத்தான். 10 வரைக்கும் இது பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டு “அப்டேட்ஸ்” என்று எழுதப்பட்டது. 11இலிருந்து மாறிவிட்டது. பழைய குறிப்பிலிருந்து நகலெடுத்தால் “404” என்று திரும்பிவரும்.

மூன்றாவது, பெயர்கள் ஒன்றாக இருக்கின்றனவா. ஒரு வரியில் புக்வார்ம், இன்னொன்றில் டிரிக்சி என்று கலந்திருந்தால் யாரோ பாதியில் விட்டுப் போயிருக்கிறார்கள். “டெஸ்டிங்”, “சிட்”, “அன்ஸ்டேபிள்” என்ற சொற்கள் கண்ணில் பட்டால் மேலே போகவே வேண்டாம், படி 7ஐ முதலில் படியுங்கள்.

5. புரொஃபைலை நகலெடுங்கள்

புக்மார்க், சேமித்த கடவுச்சொற்கள், நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன்கள்) எல்லாம் உங்கள் வீட்டு அடைவில் “புள்ளி மொசில்லா” என்ற மறைந்த அடைவுக்குள் இருக்கின்றன. கோப்பு மேலாளரில் கன்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தினால் தெரியும்.

பிரவுசரை முழுதாக மூடிவிட்டுத்தான் நகலெடுக்க வேண்டும். திறந்திருக்கும்போது தரவுக் கோப்புகள் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் எடுத்த நகல் திறக்காமல் போகலாம். அடைவு முழுவதையும் பென்டிரைவில் வையுங்கள். கடவுச்சொற்களை மட்டும் எடுத்தால் போதும் என்று “லாகின்ஸ்” கோப்பை மட்டும் நகலெடுப்பவர்கள் உண்டு. அந்தப் பூட்டின் சாவி “கீ4” என்ற வேறொரு கோப்பில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் திறக்கும்.

அந்தப் பென்டிரைவை மண்டபத்திலேயே விட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் கடவுச்சொற்கள் அதில் இருக்கின்றன.

6. புதுப்பியுங்கள்

பிரவுசர் மூடியிருக்கட்டும். அது ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்புகள் மாறினால், புதிய தாவல் எதைத் திறந்தாலும் “மறுபடி தொடங்கு” என்ற பக்கம்தான் வரும். படிவம் நிரப்பிக்கொண்டிருந்தவரின் பாடு திண்டாட்டம்.

முதலில் “சூடோ ஆப்ட் அப்டேட்”. இது எதையும் நிறுவாது, பட்டியலைத்தான் புதுப்பிக்கும். இதன் வெளியீட்டை ஓடவிட்டுப் போகாமல் படியுங்கள். “செக்யூரிட்டி” என்ற சொல் ஏதாவது ஒரு வரியில் வர வேண்டும். பிழை வரி ஒன்றுகூட இருக்கக்கூடாது. நூலகத்து வைஃபையிலோ கடை வைஃபையிலோ இருந்தால் “நோஸ்பிளிட்” என்ற விநோதமான பிழை வரலாம். வைஃபையின் நுழைவுப் பக்கத்தில் நீங்கள் இன்னும் உள்ளே போகவில்லை, ஆப்ட் கேட்ட பட்டியலுக்குப் பதிலாக அந்தப் பக்கம் வந்து விழுந்திருக்கிறது. பிரவுசரைத் திறந்து உள்நுழைந்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

அடுத்தது “சூடோ ஆப்ட் அப்கிரேட்”. பிரவுசரை மட்டும் தனியாக உயர்த்துவதைவிட எல்லாவற்றையும் சேர்த்து உயர்த்துங்கள். நூலகங்கள் என்ற பொதுவான நிரல் தொகுப்புகளில் பாதுகாப்புக்கானவை பலவற்றைப் பிரவுசரும் மற்ற நிரல்களும் பகிர்ந்துகொள்கின்றன. ஸ்டேபிளில் இது ஆபத்தில்லாத செயல். நடத்தையை மாற்றும் புதுப்பிப்புகளைத் தள்ளிவைப்பதுதானே ஸ்டேபிளின் நோக்கமே.

அதற்கு ஒரு விலக்கு ஃபயர்பாக்ஸ்தான். பழைய ஈஎஸ்ஆர் வரிசை முடியும்போது டெபியன் அடுத்த வரிசைக்கே தாவிவிடும். 2025இல் 128இலிருந்து 140க்கு அப்படித்தான் தாவியது. அன்றைக்குப் பிரவுசரின் தோற்றம் மாறலாம், ஏதாவது ஒரு நீட்சி நின்றுபோகலாம். வைரஸ் என்று பயப்பட வேண்டாம்.

“வேண்டுமா” என்று ஆப்ட் கேட்கும் முன் காட்டும் பட்டியலில், நீக்கப்படும் பேக்கேஜ்கள் என்ற பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். “ஆப்ட் அப்கிரேட்” எதையும் நீக்காது. “ஃபுல்-அப்கிரேட்” நீக்கலாம். பட்டியல் புரியாமல் “ஒய்” தட்டுவதைவிட நிறுத்திவிட்டு யாரையாவது கேட்பது நல்லது.

இங்கே வழக்கமாக வரும் மூன்று தடைகள்:

பூட்டுப் பிழை. வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் கணினியில், ஏற்றியவுடன் தானியங்கிப் புதுப்பிப்பு பின்னணியில் ஓடத் தொடங்கும். அது முடியும்வரை உங்கள் ஆப்ட்டுக்கு இடமில்லை. தேத்தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்று சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேக்கேஜ் பதிவேட்டில் எழுதினால் அது குலைந்துபோகும்.

பாதியில் அணைந்தது. மின்சாரம் திரும்பியதும் “சூடோ டிபிகேஜி”, இரட்டை இடைக்கோட்டுடன் “கான்ஃபிகர்”, அப்புறம் இடைக்கோட்டுடன் “ஏ”. பாதியில் நின்றவற்றை இது முடித்துவைக்கும். அதன் பின் அப்கிரேடை மறுபடி ஓட்டுங்கள்.

இடமில்லை. “சூடோ ஆப்ட் கிளீன்” பழைய பதிவிறக்கங்களை அழிக்கும். அதுவும் போதாதென்றால் பெரும்பாலும் வீட்டு அடைவில் வீடியோக்கள் நிறைந்திருக்கும்.

முடிந்ததும் பிரவுசரைத் திறந்து படி 1இல் சொன்ன எண்ணை மறுபடி பாருங்கள். மாறியிருந்தால் உங்கள் பாதுகாப்பு வேலை முடிந்தது.

வகுப்பறையில் பல கணினிகள் இருந்தால், எல்லாவற்றிலும் தனித்தனியாகப் பதிவிறக்கி டேட்டாவைத் தீர்க்காதீர்கள். முதல் கணினியில் “ஆப்ட்” என்பதற்குப் பதில் “ஆப்ட்-கெட்” பயன்படுத்துங்கள். “ஆப்ட்” நிறுவி முடித்ததும் பதிவிறக்கிய கோப்புகளை அழித்துவிடும், “ஆப்ட்-கெட்” வைத்துக்கொள்ளும். அவை “வார்”, “கேஷ்”, “ஆப்ட்”, “ஆர்க்கைவ்ஸ்” என்ற பாதையில் இருக்கும். பென்டிரைவில் எடுத்து மற்றக் கணினிகளின் அதே அடைவில் போட்டு, அங்கே அப்டேட்டும் அப்கிரேடும் ஓட்டுங்கள். கையில் இருக்கும் கோப்பு சரியானதா என்று ஆப்ட் தானே சரிபார்த்து, இல்லாததை மட்டும் இறக்கும். எல்லாக் கணினிகளும் ஒரே டெபியன் பதிப்பாகவும் ஒரே வகையாகவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு: “அப்கிரேட்” என்பதன் பின்னால் இரட்டை இடைக்கோட்டுடன் “டவுன்லோட்-ஒன்லி” சேர்த்தால் இறக்க மட்டும் செய்யும். டவுனில் நல்ல இணைப்பில் இறக்கிவிட்டு வீட்டில் வந்து நிறுவலாம்.

7. தளம் இன்னும் மறுத்தால்: முதலில் செய்யக்கூடாதது

இந்தக் கட்டத்தில் பொறுமை இழந்து, டெபியனின் சோதனைப் பதிப்புகளான டெஸ்டிங் அல்லது சிட்டின் களஞ்சியத்தை ஸ்டேபிளின் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். சிட்டில் புதிய ஃபயர்பாக்ஸ் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது அங்குள்ள புதிய அடிப்படை நூலகங்களோடு கட்டப்பட்டது. அதை நிறுவினால் சி நூலகம் மாறும். அதை நம்பியிருக்கும் மற்றவை மாறும். அடுத்த அப்கிரேடில் கணினி முழுவதுமே பாதி ஸ்டேபிளாகவும் பாதி வேறாகவும் ஆகிவிடும். நூலகங்களைப் பழைய நிலைக்கு இறக்குவது டெபியன் ஆதரிக்காத காரியம். அப்படிக் கலந்து, மேசைத் திரையே வராமல் போன கணினிகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் கோப்புகளை எடுத்துவிட்டு மறுபடி நிறுவுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. மாணவர்களின் பாடக் கோப்புகள் இருக்கும் கணினியில் இந்த விளையாட்டு வேண்டாம்.

செய்ய வேண்டியது, உண்மையான காரணம் எண்தானா என்று உறுதிசெய்வது. ஹெல்ப் மெனுவில் டிரபிள்ஷூட் மோட் என்று இருக்கிறது. அதில் திறந்தால் நீட்சிகள் எல்லாம் ஒதுங்கிவிடும். தளம் அப்போது வேலை செய்தால் குற்றவாளி ஏதோ ஒரு நீட்சி, பெரும்பாலும் விளம்பரத் தடுப்பான். அந்தத் தளத்துக்கு மட்டும் அதை நிறுத்துங்கள். வேலை செய்யாவிட்டால் அந்தத் தளத்தின் குக்கிகளையும் தேக்கிய தரவையும் அழித்துவிட்டுப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால்தான் படி 8.

8. மொசில்லாவின் சொந்தக் களஞ்சியத்தைச் சேர்ப்பது

2024 தொடக்கத்திலிருந்து மொசில்லாவே டெபியனுக்கான ஃபயர்பாக்ஸ் பேக்கேஜ்களைத் தன் களஞ்சியத்தில் தருகிறது. இது டெஸ்டிங்கைச் சேர்ப்பது போன்றதல்ல. உங்கள் அடிப்படை நூலகங்கள் எதையும் இது மாற்றாது. ஈஎஸ்ஆரும் பக்கத்தில் இருக்கும்.

கட்டளைகளைக் கையால் தட்டாதீர்கள், என் எழுத்திலிருந்தும் வேண்டாம். மொசில்லாவின் சொந்த உதவிப் பக்கத்தில் லினக்ஸ் நிறுவல் என்ற தலைப்பில் இருக்கின்றன, அங்கிருந்து ஒவ்வொரு வரியாக நகலெடுங்கள். நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் வேண்டாம். சில கைப்பேசி விசைப்பலகைகள் இரட்டை இடைக்கோட்டை ஒரே நீளக் கோடாகவும், நேர் மேற்கோளை வளைந்த மேற்கோளாகவும் மாற்றிவிடும். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், டெர்மினலுக்கு வேறு.

அந்த வரிகள் என்ன செய்கின்றன என்று தெரிந்துகொண்டு ஓட்டுங்கள்.

முதல் வரி, சாவிகளுக்கான “கீரிங்ஸ்” அடைவை உருவாக்குகிறது. இரண்டாவது, பேக்கேஜ்கள் மொசில்லாவுடையவைதானா என்று ஆப்ட் சரிபார்க்கப் பயன்படும் கையொப்பச் சாவியை இறக்கி அங்கே வைக்கிறது. அந்த வரியில் “டீ” என்ற கட்டளை எதற்கு என்று கேட்பார்கள். “சூடோ” முன்னால் போட்டுப் பின்னால் அம்புக்குறியால் கோப்பில் எழுதச் சொன்னால், எழுதும் வேலை உங்கள் சாதாரணக் கணக்கில் நடக்கும், அனுமதி மறுக்கப்படும். “சூடோ டீ” என்றால் எழுதுவதும் நிர்வாகியாக நடக்கும்.

மூன்றாவது, சாவியின் கைரேகையைக் காட்டுகிறது. திரையில் வருவதையும் உதவிப் பக்கத்தில் இருப்பதையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எல்லோரும் தாண்டிப்போகும் வரி இதுதான். இந்தக் களஞ்சியத்திலிருந்து வருபவை நிர்வாகி உரிமையோடு உங்கள் கணினியில் நிறுவப்படப் போகின்றன. சாவி வேறொருவருடையதென்றால் வீட்டுச் சாவியையே கொடுத்த கதை. கைரேகையைக் காட்டும் ஜிபிஜி என்ற நிரல் இல்லை என்று பிழை வந்தால் அதை ஆப்ட்டில் நிறுவிவிட்டுத் தொடருங்கள், ஒப்பிடாமல் விடாதீர்கள்.

நான்காவது, களஞ்சியத்தைப் பட்டியலில் சேர்க்கிறது. அதில் “சைன்ட்-பை” என்று இருப்பது முக்கியம். இந்தச் சாவி மொசில்லாவின் களஞ்சியத்துக்கு மட்டும் செல்லும், டெபியனின் பேக்கேஜ்களுக்குக் கையொப்பமிட அதற்கு உரிமையில்லை என்று கட்டுப்படுத்துவது அதுதான். “ஆப்ட்-கீ” என்று தொடங்கும் பழைய வழிகாட்டிகளில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. டெபியன் 13இல் அந்தக் கட்டளையே நீக்கப்பட்டுவிட்டது.

ஐந்தாவது, முன்னுரிமைக் கோப்பு. ஒரே பெயரில் இரண்டு இடத்தில் பேக்கேஜ் இருந்தால் மொசில்லாவுடையதையே எடு என்று சொல்கிறது.

அப்புறம் மறுபடி அப்டேட். இதை மறந்துவிட்டு நேரே நிறுவப் போனால் “அப்படி ஒரு பேக்கேஜ் இல்லை” என்றுதான் வரும். பட்டியலில் சேர்ப்பது வேறு, படிப்பது வேறு. “ஆப்ட் பாலிசி ஃபயர்பாக்ஸ்” தட்டி, வரப்போகும் பதிப்புக்கு அருகில் மொசில்லாவின் முகவரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு “சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஃபயர்பாக்ஸ்”. பெயரில் ஈஎஸ்ஆர் இல்லை, கவனம். இடைமுகம் தமிழில் வேண்டுமென்றால் தமிழ் மொழிப் பேக்கேஜையும் தனியாக நிறுவ வேண்டும். பழைய ஈஎஸ்ஆருக்கு நிறுவியது இதற்குப் பயன்படாது.

9. பழைய புக்மார்க்குகளைக் கொண்டுவருவது

புதிய ஃபயர்பாக்ஸைத் திறந்தால் வெறுமையாக இருக்கும். “தம்பி, என் புக்மார்க்கெல்லாம் போயிருச்சுப்பா” என்று ஆசிரியைகள் பதறிக் கூப்பிடுவது இந்த நேரத்தில்தான். ஒன்றும் போகவில்லை, டீச்சர். ஒவ்வொரு நிறுவலுக்கும் தனிப் புரொஃபைல் என்பது ஃபயர்பாக்ஸின் விதி. பழையது பெயர் முடிவில் “டிஃபால்ட்-ஈஎஸ்ஆர்” என்றும், புதியது “டிஃபால்ட்-ரிலீஸ்” என்றும் இருக்கும்.

முகவரிப் பட்டையில் “அபௌட்”, முக்காற்புள்ளி, “புரொஃபைல்ஸ்” தட்டினால் இரண்டும் தெரியும். அங்கேயே பழையதை இயல்பானதாக ஆக்க ஒரு பொத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் செய்யாதீர்கள். புதிய பதிப்பு ஒருமுறை திறந்த புரொஃபைலைப் பழைய ஈஎஸ்ஆர் ஏற்காது, “பழைய பதிப்பில் திறக்கிறீர்கள்” என்று நிறுத்திவிடும். திரும்பிவரும் வழி அடைபடும்.

நல்ல வழி: இரண்டு பிரவுசரையும் மூடுங்கள். பழைய புரொஃபைல் அடைவுக்குள் இருப்பவற்றை எல்லாம் நகலெடுத்துப் புதிய புரொஃபைல் அடைவுக்குள் ஒட்டுங்கள், மேலெழுதவா என்றால் ஆம் சொல்லுங்கள். அடைவையே உள்ளே போடாதீர்கள், அதன் உள்ளடக்கத்தை மட்டும். இப்போது பழையது தொடப்படாமல் ஈஎஸ்ஆருக்கு இருக்கும், புதியதில் எல்லாம் வந்திருக்கும்.

பட்டையில் உள்ள ஐகான் இன்னும் ஈஎஸ்ஆரைத்தான் திறக்கும். புதுப்பித்தும் எண் மாறவில்லை என்று சொல்பவர்களில் பலர் பழைய ஐகானைச் சொடுக்குகிறார்கள். புதியதைப் பட்டையில் வைத்து, அமைப்புகளில் இயல்பான பிரவுசராகவும் ஆக்குங்கள். ஈஎஸ்ஆரை நீக்க அவசரப்பட வேண்டாம். ஒன்று மக்கர் செய்தால் மற்றது கைகொடுக்கும். நீக்கித்தான் ஆக வேண்டுமென்றால், அதோடு சேர்ந்து மேசைத் திரை பேக்கேஜ்களும் நீக்கப் பட்டியலில் வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால் “என்” தட்டி வெளியே வாருங்கள்.

10. மற்ற இரண்டு வழிகள்

ஃப்ளாட்பேக் மூலமும் மொசில்லாவின் ஃபயர்பாக்ஸ் கிடைக்கும். தனிப் பெட்டிக்குள் ஓடுவதால் கணினியைக் கலக்காது. ஆனால் முதல்முறை இறக்கும்போது அடிப்படைத் தொகுப்பும் சேர்ந்து வரும், ஹாட்ஸ்பாட்டுக்குச் சுமை. பதிவிறக்க அடைவைத் தாண்டிய கோப்புகளை அது நேரடியாக எட்டுவதிலும் கட்டுப்பாடு உண்டு. டேட்டா தாராளமாக இருப்பவர்களுக்குச் சரி.

மொசில்லா தளத்தில் கிடைக்கும் டார் என்ற பொதிந்த கோப்பை வீட்டு அடைவில் பிரித்து ஓட்டலாம். நிர்வாகி கடவுச்சொல்லே தெரியாதவர்களுக்கு இது ஏற்ற வழி. உங்களுக்கு எழுதும் உரிமை இருக்கும் இடத்தில் இருப்பதால் இது தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். மெனு ஐகானை மட்டும் நீங்களே செய்துகொள்ள வேண்டும்.

11. யாருக்கு எது, அப்புறம் பராமரிப்பு

பலர் பகிரும் வகுப்பறைக் கணினிக்கு ஈஎஸ்ஆர் மட்டுமே போதும் என்பது என் உறுதியான கருத்து. பிள்ளைகளுக்குத் தோற்றம் மாதாமாதம் மாறினால் சொல்லிக்கொடுப்பவருக்குத்தான் கஷ்டம். ஏதாவது ஒரு தளம் கட்டாயம் புதியதைக் கேட்கும் சொந்தக் கணினிக்கு மொசில்லா களஞ்சியம்.

தானியங்கிப் புதுப்பிப்புக்கு “அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்” என்ற பேக்கேஜ் இருக்கிறது. அதை இயக்கிவைத்தால் ஈஎஸ்ஆர் உட்பட டெபியனின் பாதுகாப்புத் திருத்தங்கள் தானே நிறுவப்படும். ஆனால் இயல்பான அமைப்பில் அது டெபியனின் களஞ்சியங்களை மட்டுமே தொடும். மொசில்லாவிலிருந்து வந்த ஃபயர்பாக்ஸ் அதில் சேராது. தானாகவே புதுப்பிக்கிறது என்று நம்பி மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள், கடைசியில் ஈஎஸ்ஆரைவிட இதுதான் பழசாகக் கிடக்கும். படி 8ஐச் செய்தவர்கள் அந்த அமைப்புக் கோப்பில் மொசில்லாவின் களஞ்சியத்தையும் சேர்க்க வேண்டும். அது சிரமமென்றால், வாரத்தில் ஒரு காலை பிரவுசரைத் திறக்கும் முன் அப்டேட்டையும் அப்கிரேடையும் கையால் ஓட்டிவிடுங்கள்.